கொடுமுடிக் குரல்: கே.பி.சுந்தராம்பாளும் இசைத்தட்டுக் காலமும்

(திருவனந்தபுரம் வலியசாலையில் நடைபெற்ற தமிழ்த் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வலியசாலையில் ஒரு தமிழ் நாடகப் பாடகியைப் பற்றிப் பேசுவதற்குத் தனியாகக் காரணம் தேடவேண்டியதில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் என்று தமிழகம் முழுவதும் அறியப்பட்ட நாடகக் கலைஞர்களின் பெயரில் முதலில் நிற்கும் 'டி' என்ற எழுத்து திருவனந்தபுரத்தைக் குறிப்பதாகும். தமிழ் நாடக மேடையின் ஈடு இணையற்ற பாடகரான எஸ்.ஜி.கிட்டப்பா செங்கோட்டையில் பிறந்தவர். செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த ஊர். ஆக, இந்த நகரின் ஆட்சிக்கு உட்பட்ட குடிமகனாகப் பிறந்த கிட்டப்பாவின் வாழ்க்கைத் துணையாகவும், மேடையில் அவருக்கு நிகராக நின்று பாடியவராகவும் விளங்கியவர்தான் கே.பி.சுந்தராம்பாள்.

அவரைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, வெண்ணிற ஆடையும் திருநீறும் அணிந்து முருகனைப் பாடிய பக்தைத் தாய் என்பது. மற்றொன்று, இடதுசாரிகளிடையே சில சமயம் கேட்கும் பேச்சு: அவர் காங்கிரஸ் மேடைகளில் பாடியவர், பக்திப் பாடகி, உழைக்கும் மக்களின் இயக்கத்துக்கு அவரிடம் என்ன இருக்கிறது என்பது. முதல் பேச்சு அவரைக் கோயிலுக்குள் வைத்துப் பூட்டுகிறது. இரண்டாவது பேச்சு அந்தப் பூட்டை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. இரண்டுமே காணத் தவறுவது ஒன்றுதான்: சுந்தராம்பாள் ஓர் உழைப்பாளி. அவருடைய குரல் ஒரு வரமாக மட்டும் இருக்கவில்லை. விற்கப்பட்டு, வாங்கப்பட்டு, அச்சிடப்பட்டு, சந்தைக்கு அனுப்பப்பட்ட உழைப்பாக இருந்தது. அந்த உழைப்பின் வரலாறே இந்த உரையின் பொருள்.

ரயில் பெட்டியும் இசைக் கல்லூரியும்

1908ஆம் ஆண்டு, ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையே காவிரிக் கரையில் அமைந்துள்ள கொடுமுடியில் சுந்தராம்பாள் பிறந்தார். தந்தையின் ஆதரவு இல்லாத வீடு. தாய் பாலாம்பாள் வறுமையோடு போராடிப் பிள்ளைகளை வளர்த்தார். ஊர் வழியே செல்லும் ரயில் வண்டியில் ஏறிப் பாடிப் பயணிகள் தரும் காசைப் பெற்று வீட்டுக்குக் கொண்டு வந்த சிறுமி அவர். அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வழியாகத்தான் வேலு நாயரின் நாடகக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் வாடும் சிறுவனின் வேடம் முதலில் அவருக்குத் தரப்பட்டது. பசியை அறிந்த குழந்தை பசியைப் பாடியது. அதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

இவ்விடத்தில் வேறொரு நாட்டுப் பாடகியை நினைவுகூர்வது பொருத்தம். ஒதெஸ்ஸா நகருக்கு அருகில் ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியர்களின் மகளாக 1873இல் பிறந்தவர் அந்தோனினா நெஷ்தானவா. அவரும் முதலில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவரே. ஆனால் மாஸ்கோ இசைக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. 1902இல் தங்கப் பதக்கத்துடன் வெளியேறி, அதே ஆண்டில் போல்ஷோய் அரங்கின் இசை நாடக மேடையில் ஏறினார். அந்தப் பத்தாண்டிலேயே அவர் குரல் இசைத்தட்டுகளில் பதிவாயிற்று. சொற்களே இல்லாமல் குரல் மட்டுமே ஒலிக்கும் பாடலொன்றை இசையமைப்பாளர் ரஹ்மானினவ் அவருக்குக் காணிக்கையாக்கினார். அக்டோபர் புரட்சிக்குப் பின் புகழ்பெற்ற பலர் நாட்டை விட்டு வெளியேறியபோது நெஷ்தானவா அங்கேயே தங்கினார். 1936இல் சோவியத் அரசு அவருக்கு மக்கள் கலைஞர் என்ற உயரிய பட்டத்தை வழங்கியது. 1950இல் அவர் மறைந்தபின் ஒதெஸ்ஸா இசைக் கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு குரல் வளத்தில் இல்லை. ஒருவருக்குக் கல்லூரி இருந்தது. மற்றவருக்கு ரயில் பெட்டி இருந்தது. இந்தத் திருவனந்தபுரத்தில்கூட, பின்னாளில் சுவாதித் திருநாள் பெயரைப் பெற்ற இசைக் கல்லூரி 1939இல்தான் தோன்றியது. அதற்குள் சுந்தராம்பாளின் மேடை வாழ்க்கையின் முதல் பகுதியே முடிந்துவிட்டிருந்தது. திறமை எல்லா வீடுகளிலும் பிறக்கிறது, வாய்ப்பு சில வீடுகளுக்கு மட்டுமே செல்கிறது என்ற உண்மைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரவெல்லாம் பாடும் வேலை

அன்றைய தமிழ் நாடகம் என்பது பெரும்பாலும் பாட்டுதான். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்தளித்த பாடல்களும் வசனங்களும் நடிகர்கள் அனைவருக்கும் மனப்பாடம். அதன் அடிப்படையில் உருவானதே 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் முறை. குழு என்று ஒன்று நிலையாக இராது. ஒரு காண்டிராக்டர் வள்ளியாக ஒருவரையும், முருகனாக மற்றொருவரையும், நாரதராக இன்னொருவரையும் வெவ்வேறு ஊர்களிலிருந்து ஓர் இரவுக்கு மட்டும் ஒப்பந்தம் செய்வார். ஒத்திகை கிடையாது. மேடையிலேயே சந்தித்து, இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை பாட்டுக்குப் பாட்டு போட்டியிட்டு நடிக்கவேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும். குரல் கம்மினால் அடுத்த ஒப்பந்தம் இல்லை. வேலை உண்டு, நிரந்தரம் இல்லை. புகழ் உண்டு, பாதுகாப்பு இல்லை. இன்று செயலி வழியாக வேலை தரும் நிறுவனங்களில் அன்றாடக் கணக்கில் உழைக்கும் இளைஞர்களுக்கு இந்த ஏற்பாடு புரியாமல் போகாது.

'உபரி மதிப்புக் கோட்பாடுகள்' எனத் தொகுக்கப்பட்ட கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் ஒரு பாடகியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். தன் பாட்டைத் தானே விற்கும் பாடகி முதலாளித்துவப் பொருளில் உற்பத்தி சார்ந்த உழைப்பாளி அல்ல. அதே பாடகியை ஒரு முதலாளி பணம் ஈட்டுவதற்காக அமர்த்திக்கொண்டால், அவர் மூலதனத்தை உற்பத்தி செய்யும் உழைப்பாளி ஆகிறார். பாட்டு மாறவில்லை, குரல் மாறவில்லை; சமூக உறவு மாறிவிட்டது என்பதே அதன் சாரம். கொடுமுடி ரயிலில் பாடிய சிறுமிக்கும் நாடகக் காண்டிராக்டரின் மேடையில் பாடிய இளம்பெண்ணுக்கும் இடையே நிகழ்ந்தது இந்த மாற்றமே.

இலங்கையில் நாடகம் நடத்தச் சென்ற இடத்தில், 1926இல் கொழும்பில், சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் ஒரே மேடையில் தோன்றினர். அடுத்த ஆண்டு அவர்கள் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பா பிராமணர், ஏற்கெனவே திருமணம் ஆனவர். சாதி கடந்த அந்த உறவில் சுந்தராம்பாளுக்கு அன்பு கிடைத்தது. சமூகம் முழுமையாக ஏற்கும் மனைவி என்ற நிலை கிடைக்கவில்லை. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் இன்று பலரும் அறிந்தவை. அடங்கிப்போகும் பெண்ணின் குரல் அவற்றில் இல்லை. கேள்வி கேட்கும் பெண்ணின் குரலே அவற்றில் ஒலிக்கிறது. 1933 டிசம்பர் 2 அன்று, 27 வயதில் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25.

மூன்று நிமிடப் பாட்டு

1902ஆம் ஆண்டு நவம்பரில் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்ததிலிருந்து இந்தியாவில் இசைத்தட்டு வணிகம் தொடங்குகிறது. முதலில் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் அச்சிடப்பட்டுக் கப்பலில் வந்தன. சில ஆண்டுகளுக்குள் கல்கத்தாவிலேயே ஆலை எழுந்தது. அக்காலத்தில் 'மரியாதைக்குரிய' குடும்பப் பெண்கள் பதிவுக் கூடத்துக்குள் வரமாட்டார்கள் என்பதால், பாட்டைத் தொழிலாகக் கொண்ட பெண்களே துணிந்து முன்வந்தனர். கோயம்புத்தூர் தாயி அத்தகையவர்களுள் ஒருவர். அவருடைய இசைத்தட்டைக் கேட்டு வியந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ், அவர் பாடும் முறையை ஐரோப்பியப் பாடகியின் குரலுக்கு ஏற்றவாறு எழுத முயன்றார். தாயியின் குரல், அவர் உடல் செல்லாத பாரிஸ் வரை சென்றது.

1920களின் பிற்பாதியில் மின்சார ஒலிப்பதிவு வந்தது. அதற்கு முன் பெரிய கூம்புக் குழலுக்குள் உரக்கப் பாடவேண்டியிருந்தது. இப்போது மைக் முன் பாடினால் போதும். கம்பெனிகள் மேடை நட்சத்திரங்களைத் தேடி ஓடின. கொலம்பியா போன்ற கம்பெனிகளின் தட்டுகளில் கிட்டப்பாவின் குரலும் சுந்தராம்பாளின் குரலும் ஊர் ஊராகச் சென்றன. தேநீர்க் கடைகளிலும் சந்தைகளிலும் திருமண வீடுகளிலும் 'பிளேட்டு' சுழன்றது. நாடகத்துக்குச் சீட்டு வாங்க முடியாதவனும் கடை வாசலில் நின்று கேட்டான். இது இசைத்தட்டின் சனநாயகப் பக்கம்.

அதற்கு மறுபக்கமும் உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாக மட்டுமே பாட்டு அடங்கும். விடிய விடிய விரிந்த பாட்டு மூன்று நிமிடமாகச் சுருக்கப்பட்டது. பாட்டு இப்போது ஒரு சரக்கு. அதற்கு ஓர் அளவு, ஒரு விலை, ஒரு லேபிள். பாடியவர் பலருக்குக் கிடைத்தது ஒருமுறை தரப்படும் தொகை. தட்டு ஆயிரமாயிரமாக விற்றாலும் லாபம் கம்பெனிக்கே.

அந்தத் தட்டு எதனால் ஆனது என்று கேட்பவர் குறைவு. அதைப் பிணைத்து நின்ற பொருள் அரக்கு. சோட்டா நாக்பூர் காடுகளில் புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் அரக்குப் பூச்சி படரவிட்ட கொம்பரக்கை ஆதிவாசி மக்கள் ஒடித்துச் சேகரித்தனர். மிர்சாபூர் போன்ற ஊர்களின் பட்டறைகளில் தீயின் முன் நின்ற தொழிலாளர்கள் அதை உருக்கித் தகடாக்கினர். அது உலகெங்கும் ஏற்றுமதியாயிற்று. நெஷ்தானவாவின் குரலைத் தாங்கிய தட்டும் சரி, சுந்தராம்பாளின் குரலைத் தாங்கிய தட்டும் சரி, அந்த அரக்கு இல்லாமல் பிறந்திருக்க முடியாது. ஒரு பாட்டுக்குள் எத்தனை கைகளின் உழைப்பு இருக்கிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

மேடையும் விடுதலைப் போராட்டமும்

அந்நிய ஆட்சி நாடகத்தைக் கண்டு அஞ்சியது. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் அந்த அச்சத்தின் சட்ட வடிவம். அதையும் மீறி, மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாடல்கள் புராண நாடகங்களுக்கிடையே மேடையேறின. வள்ளி தினைப்புனத்தில் பறவைகளை விரட்டும் காட்சியில் வெள்ளையனை விரட்டும் பொருள் ஒலித்தது. மருத்துவர் சமூகத்தில் பிறந்த விசுவநாத தாஸ், சாதியின் காரணமாக உடன் நடிக்க மறுத்த நடிகைகளையும், மீண்டும் மீண்டும் சிறையையும் எதிர்கொண்டு பாடினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார்.

சுந்தராம்பாளும் காந்தியைப் பற்றியும் கதரைப் பற்றியும் பாடினார். தட்டுகளிலும் பதிவு செய்தார். காங்கிரஸ் தலைவர் எஸ்.சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் 1937 தேர்தல் பிரசாரத்தில் ஈடுபட்டார். பிற்காலத்தில் சென்னை மாநிலச் சட்ட மேலவையிலும் இடம்பெற்றார். காங்கிரஸ் தலைமையின் வர்க்க குணம் வேறு. அதன் மேடையில் நின்று ஏகாதிபத்தியத்துக்கு எதிராகப் பாடிய ஓர் ஏழைப் பெண்ணின் உணர்வு வேறு. இந்த வேறுபாட்டைக் காணாத விமர்சனம் மார்க்சிய விமர்சனம் ஆகாது.

பாடி நடிக்கும் அந்த மரபு அந்தக் கட்சியோடு முடிந்துவிடவும் இல்லை. 1952இல் கே.பி.ஏ.சி. அரங்கேற்றிய 'நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி' நாடகத்தின் வெற்றியில் பாதி அதன் பாடல்களுக்கும், பாடி நடித்த சுலோசனா போன்றோருக்கும் உரியது. மறு ஆண்டே அந்த நாடகத்துக்கு விதிக்கப்பட்ட தடைக்கு, வெள்ளையன் விட்டுச் சென்ற அதே 1876 சட்டமே கருவியாயிற்று.

நந்தனாரும் ஒரு லட்சமும்

கணவர் மறைந்தபின் சுந்தராம்பாள் நகை துறந்தார், வெள்ளை உடுத்தினார், ஆண் நடிகருடன் இணைந்து நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். கைம்பெண்ணின் மீது நிலப்பிரபுத்துவச் சமூகம் சுமத்திய கோலம் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கோலத்துக்குள் நின்றே அவர் தமது உழைப்பின் நிபந்தனைகளைத் தாமே தீர்மானித்தார் என்பதும் உண்மை. படமெடுக்க வந்த அசன்தாஸிடம் அவர் கேட்ட தொகை ஒரு லட்சம் ரூபாய். வந்தவர் திரும்பிப் போகட்டும் என்றே அப்படிக் கேட்டார் என்று சொல்லப்படுவதுண்டு. அந்தத் தொகை கொடுக்கப்பட்டது. 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் அவர் நந்தனாராக, ஆண் வேடத்தில் தோன்றினார். சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். டி.கே.சண்முகம் பின்னர் பெண் வேடம் பூண்டு ஔவையாராகி 'அவ்வை' என்ற அடைமொழி பெற்றார். 1953இல் ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் சுந்தராம்பாளே ஔவையானார். பெண் நந்தனாகவும் ஆண் ஔவையாகவும் மாறிய மேடை தமிழ் மேடை.

பெரிய புராணத்தில் நந்தனாரை ஒடுக்கும் வேதியர் பாத்திரம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியே பண்ணை ஆண்டையாகிய அந்த வேதியரைப் படைத்தார். அதனால் கதை பக்தனின் கதையாக மட்டும் நிற்காமல் பண்ணையாளின் கதையாகவும் ஆயிற்று. ஆனாலும் முடிவு தீக்குளிப்புதான். நிலம் ஆண்டையிடமே இருக்கிறது. அந்த எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். படம் வெளிவந்த மறு ஆண்டு, 1936 நவம்பர் 12 அன்று, திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. அது மன்னரின் கருணையாக வரவில்லை. வைக்கம் முதல் நடந்த போராட்டங்களின் பலனாக வந்தது.

இன்னொன்றையும் இந்த நகரம் மறக்கக்கூடாது. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' இங்கே திரையிடப்பட்டபோது, நாயர் பெண்ணாக நடித்த தலித் நடிகை பி.கே.ரோசி சாதி வெறியர்களால் விரட்டப்பட்டார். தமிழ்ப் பகுதிக்குச் சென்று, நடிகை என்ற அடையாளமே இன்றி வாழ்ந்து மறைந்தார். தலித் அல்லாத ஒரு பெண் நந்தனாரைப் பாடியபோது போற்றிய சமூகம்தான், ஒரு தலித் பெண் மேல்சாதிப் பெண்ணாகத் திரையில் தோன்றியபோது கல்லெறிந்தது. சுந்தராம்பாளின் பெருமையைப் பேசும்போது ரோசிக்கு மறுக்கப்பட்ட வாழ்க்கையையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

குரல் யாருக்குச் சொந்தம்?

1969இல் வெளியான 'துணைவன்' படப் பாடலுக்காகச் சுந்தராம்பாளுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது அவர் வயது அறுபதைக் கடந்திருந்தது. 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் மறைந்தார். விருதுகள் வந்தன. ஆனால் அவர் பாடிய காலம் முழுவதும், பதிவான குரலின் மீது பாடியவருக்கு இந்தியச் சட்டத்தில் உரிமை எதுவும் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவைத் தயாரித்தவரைக் கண்டது, பாடியவரைக் காணவில்லை. 1994 திருத்தம்தான் நிகழ்த்துகலைஞர் உரிமையைச் சேர்த்தது. வணிகப் பயன்பாட்டுக்கு உரிமைத்தொகை பெறும் உரிமை 2012 திருத்தத்தில்தான் தெளிவாயிற்று.

இந்தக் கேள்வி பழங்கதையும் அல்ல. 2024இல் ஒரு தமிழ்ப் படப் பாடலில், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்கள் கணினியால் மீண்டும் உருவாக்கப்பட்டன. குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய தொகையும் வழங்கப்பட்டதாக இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரஹ்மான் அறிவித்தார். ஒருவர் மனச்சான்றுடன் நடந்துகொண்டார் என்பது நல்லதே. ஆனால் உழைப்பாளியின் உரிமை முதலாளியின் மனச்சான்றைச் சார்ந்திருக்கக்கூடாது என்பது தொழிற்சங்க இயக்கத்தின் பாலபாடம். இசைத்தட்டு குரலை உடலிலிருந்து பிரித்தது. இன்றைய கருவி, பாடாத பாட்டையும் அந்தக் குரலிலிருந்து பிழிந்தெடுக்கிறது. கலைஞர்களின் சங்கங்கள் எழுப்பவேண்டிய கோரிக்கை இங்கேதான் இருக்கிறது.

ஒரு செய்தி மகிழ்ச்சிக்குரியது. ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளில் முடிவடைகிறது. எனவே சுந்தராம்பாளின் தொடக்ககால இசைத்தட்டுகள் இன்று எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை; மக்களின் பொதுச் சொத்து. ரயிலில் பாடிய சிறுமியின் குரல், பெரிய சுற்றொன்று சுற்றி, மக்களிடமே திரும்பி வந்திருக்கிறது. வலியசாலை, கரமனை, சாலைக் கடைவீதிப் பகுதிகளில் பழைய வீடுகளின் பரண்களில் அரக்குத் தட்டுகள் இன்னும் கிடக்கக்கூடும். கீழே விழுந்தால் ஓடுபோல் உடைபவை அவை. மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிப்பவை. அவற்றைத் தேடி எடுத்து, துடைத்து, ஒலியைக் கணினியில் ஏற்றி, கிளைக் கூட்டங்களில் ஒலிக்கச் செய்வது தோழர்களால் இயலாத காரியமல்ல.

அந்தக் கரகரப்புக்கு அப்பாலிருந்து எழும் குரலைக் கேட்கும்போது, அது ஒரு தெய்வப் பிறவியின் குரல் என்று கைகூப்ப வேண்டியதில்லை. மாற்றுக் கட்சிக்காரியின் குரல் என்று முகம் திருப்பவும் வேண்டியதில்லை. பசித்த வீட்டுக்குக் காசு கொண்டுவரப் பாடத் தொடங்கி, தன் உழைப்பின் விலையைத் தானே சொல்லும் இடத்துக்கு உயர்ந்த ஒரு பெண்ணின் குரல் அது. இன்றும் ரயில்களில் குழந்தைகள் பாடிக் காசு கேட்கிறார்கள். அவர்களுக்கு இசைக் கல்லூரியின் வாசல் திறக்கும்வரை, அந்தக் குரலுக்குச் செலுத்தும் மரியாதை முழுமை பெறாது.